உடைந்ததா, உடைத்தாயா?

வேலூர் வெயிலுக்கு எங்கள் வகுப்பறை மூலையில் மணல் பரப்பி ஒரு தண்ணீர்ப் பானை வைத்திருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் அதை நான் உடைத்துவிட்டேன். தமிழையா வந்ததும், "பானை உடைஞ்சுபோச்சு ஐயா" என்றேன். அவர் கோபப்படவில்லை. "உடைந்ததா, உடைத்தாயா?" என்று மட்டும் கேட்டார். அன்று முழுக்கத் தன்வினை, பிறவினைதான் பாடம்.

அடுத்த வாரம் எங்கள் வரலாற்று நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த 1806 ஜூலை 10 பற்றி நாங்கள் எழுதியிருந்தது இரண்டே வரி. "சிப்பாய்கள் ஆங்கிலேயர்களைக் கொன்றனர். பின்னர் கலகம் அடக்கப்பட்டது." முதல் வரியில் கொன்றவர் இருக்கிறார், இரண்டாவதில் அடக்கியவர் எங்கே என்று கேட்டார். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலப் படை அதிகாரி கில்லஸ்பியும், அந்தப் படை கோட்டைக்குள் கொன்ற நூற்றுக்கணக்கான சிப்பாய்களும் ஒரு 'பட்டது'க்குள் மறைந்து போயிருந்தார்கள். அப்புறம் 'கலகம்' என்ற சொல்லின் கீழே கோடு போட்டார். நெற்றிக்குறியை அழி, தாடியை எடு, புதுத் தலைப்பாகையைப் போடு என்ற உத்தரவை எதிர்த்து எழுந்தவர்கள் அதைக் கலகம் என்றா சொல்லியிருப்பார்கள்?

செய்தவரைச் சொல்லாமல் பேசுவது நம் மொழியின் பழைய வழக்கம்தான் என்பதையும் ஐயாதான் சொன்னார். செயப்படுபொருளையே செய்ததுபோலச் சொல்வது 'வழக்கியல் மரபே' என்கிறது தொல்காப்பியம். உரைகாரர்கள் காட்டும் உதாரணம், 'திண்ணை மெழுகிற்று'. எங்கள் வீட்டுத் திண்ணையை விடியற்காலையில் சாணம் கரைத்து மெழுகுவது அம்மா. அதை மெழுகியது யார் என்று வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. நானும்தான்.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது என் சித்தப்பா போய்விட்டார். தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் உயிரோடு மேலே வரவில்லை. மறுநாள் பேப்பரில், 'விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி' என்று நான்கு சொல். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். தாக்கியது வாயு. முகமூடியும் கயிறும் கொடுக்காத ஆள் அந்த வரியில் எங்குமே இல்லை. பலி என்பது சாமிக்குக் கொடுப்பது. சித்தப்பாவை யாருக்குக் கொடுத்தார்கள்?

ஐயா துக்கம் கேட்க வந்தார். வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, போகும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இறங்கலப்பா, இறக்கினாங்க" என்றார்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு, 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் கழிவு பற்றிய வழக்கு. அதுவரை ஊரில் எல்லாரும், 'பாலாறு கெட்டுப்போச்சு' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். மாசு செய்தவரே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு. 'செய்தவர்' என்ற அந்தச் சொல்லைப் பேப்பரில் பார்த்ததும் ஐயா வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். அவர் ஏற்கெனவே அந்த வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தார்.

இப்போது தோகாவிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவுக்குப் போன் செய்கிறேன். போன வாரம், "வாசல் தெளிச்சாச்சு, கோலம் போட்டாச்சு" என்றார்.

"யாரும்மா போட்டது?"

"இது என்னடா கேள்வி? நான்தான், வேற யாரு?"