லொரெட்டா லின் வளர்ந்த வீடு

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே, வான் லியர் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரைத் தாண்டினால் சாலை போகப் போகக் குறுகுகிறது. இரண்டு பக்கமும் மரம் அடர்ந்த சரிவு. புட்சர் ஹாலோ என்ற அந்த மலையிடுக்கில்தான், கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசையின் பாடகி லொரெட்டா லின் வளர்ந்த மரவீடு இருக்கிறது.

வழியில் வெப்ஸ் கடை. ஒருகாலத்தில் சுரங்கக் கம்பெனியின் கடை. பிறகு லொரெட்டாவின் குடும்பத்தார் கைக்கு வந்தது. வீட்டைப் பார்க்க இங்கேதான் விசாரிக்க வேண்டும்.

மேடேறிப் போனால் பலகைச் சுவர், முன்னால் ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். உள்ளே நுழைந்ததும், எட்டுப் பிள்ளைகளும் இங்கே எப்படிப் படுத்தார்கள் என்றுதான் தோன்றியது. அப்பா டெட் வெப் சுரங்கத்தில் கரி அள்ளியவர். அம்மா சுவரில் பத்திரிகைத் தாள்களை ஒட்டிவைத்திருந்தார். அதிலிருந்த லொரெட்டா யங் என்ற நடிகையின் பெயரைத்தான் 1932இல் பிறந்த மகளுக்கு வைத்தார்.

15 வயதில் கல்யாணம். கணவரோடு நாட்டின் மறுகோடிக்கு, வாஷிங்டன் மாநிலத்துக்குப் போனார். அங்கே கணவர் 17 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கித் தந்தார். யாரும் சொல்லித்தராமல் தானே வாசித்துப் பழகினார். 1960இல் முதல் இசைத்தட்டு வந்ததும் இருவரும் காரிலேயே ஊர் ஊராகப் போய், வானொலி நிலையங்களில் ஏறி இறங்கி அதைப் போடச் சொல்லிக் கேட்டார்கள். அதே ஆண்டு நாஷ்வில்லில், கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியின் மேடையில் பாடிவிட்டார். அப்பா 1959இலேயே இறந்துவிட்டார். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வறுமையிலிருந்து மேலே வந்த பாடகர்கள் நிறையப் பேர். லொரெட்டா வீட்டுக்குள் நடப்பதை ஒளிக்கவில்லை என்பதால்தான் எனக்கு அவர் மேல் தனி மரியாதை. சுரங்கத் தொழிலாளியின் மகள் என்பதையே 1970இல் பாட்டாக்கினார். குடித்துவிட்டு வரும் கணவனைக் கண்டித்துப் பாடினார். ஆறு பிள்ளை பெற்றவர், 1975இல் கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பாடியபோது பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. ஆனாலும் பெண்கள் அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டார்கள். கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை 1972இல் வாங்கிய முதல் பெண்ணும் அவர்தான்.

அப்புறம், பெயின்ட்ஸ்வில்லில் 23ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். இந்த மலைப்பக்கத்திலிருந்து கிளம்பிய மற்றப் பாடகர்களும் அங்கே இருக்கிறார்கள், லொரெட்டாவின் கடைசித் தங்கை கிரிஸ்டல் கேல் உட்பட.