மூன்றரை மணி நேரப் பகல்

ஃபின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில், தவஸ்தியா என்ற ராக் கிளப்பின் வாசலில் டிக்கெட்டைக் காட்டியதும் கோட்டைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். அந்தக் கவுண்டருக்கு நரிக்கா என்று பெயர். குளிர்காலத்தில் ஹெல்சிங்கியில் நான் போன கிளப்புகளில் எல்லாம் இதே கதைதான். கோட்டு, தொப்பி, கழுத்துத் துணி மூன்றையும் ஒப்படைத்து, அதற்கு ஒரு கட்டணமும் அழுதுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எனக்கு முன்னால் ஆறடியைத் தாண்டிய ஒரு மனிதர் நின்றார். முழங்கால் வரை கறுப்புத் தோல் கோட்டு, விரலெல்லாம் மண்டையோட்டு மோதிரம். கோட்டைக் கழற்றினால் உள்ளே அம்மாவோ மனைவியோ கையால் பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டர். அதையும் கழற்றி நான்காக மடித்து, கையுறைகளை ஜோடி சேர்த்து மேலே வைத்து, கவுண்டர் பெண்ணிடம் நீட்டி, 'கீத்தோஸ்' என்றார். நன்றி என்று அர்த்தம். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன், வேறு ஒரு வார்த்தை அவர் பேசிக் கேட்கவில்லை.

மேடையில் பெயர் தெரியாத ஐந்து பையன்கள். கடைசியாக ஹிம் என்ற ஃபின்லாந்துக் குழுவின் பாட்டு ஒன்றை எடுத்தார்கள். ஸ்வெட்டர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பாடினார். பாட்டு முடிந்ததும் மறுபடி பழைய மௌனம்.

இந்தக் கிளப்புக்கு வந்து சேர எனக்கு இருபது வருடம் பிடித்தது. 2004இல் கோயம்புத்தூர் விடுதியில் அறைத் தோழன் ஒரு எம்பி3 சிடி கொடுத்தான். மேலே ஸ்கெட்ச் பேனாவால் மூன்றே ஆங்கில எழுத்து: ஹிம். ஆங்கிலத்தில் 'அவனை' என்று பொருள்படுகிற வார்த்தையைப் பேராக வைத்துக்கொண்டால் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எப்படித் தேடுவது? மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து பைபிள் வசனங்களாகப் படித்ததுதான் மிச்சம். சிடி உறையில் அவன் ஒரு சின்னமும் வரைந்திருந்தான். இதயமும் ஐந்து முனை நட்சத்திரமும் ஒரே கோட்டில் பின்னிக்கொண்டிருக்கும். பாடகர் வில்லே வலோ தன் இருபதாவது வயதில் வரைந்த சின்னம் அது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. விடுமுறைக்குப் போனபோது என் நோட்டில் அதைப் பார்த்த அம்மா, "என்னடா இது, எவனாவது மந்திரிச்சுக் குடுத்த தகடா?" என்றாள். ஒரு வகையில் அவள் சொன்னது சரி.

ஹிம் வாசிக்கிற மாதிரியான இருண்ட, கனத்த ராக் இசைக்குக் கோத்திக் மெட்டல் என்று பெயர். அது பிறந்தது ஃபின்லாந்தில் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வடபகுதியில் பாரடைஸ் லாஸ்ட், மை டையிங் பிரைடு போன்ற குழுக்கள் மெதுவாக, கனமாக, சில சமயம் பத்து நிமிடம் வரைக்கும் இழுத்து இழுத்து வாசித்தார்கள். சாவு வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தது போல இருக்கும். ஃபின்லாந்துக்காரர்கள் அந்த இருட்டை வாங்கி நாலு நிமிடத்துக்குள் அடக்கினார்கள். சுருதி இறக்கிய கிதாரை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆனால் சரணம் வரும்போது கிதாரை ஒதுக்கிவிட்டு, பாஸையும் மேலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழும் நாலைந்து பியானோ சுரங்களையும் மட்டும் விட்டார்கள். அதன்மேல் ஓர் ஆண் குரல், காதோடு பேசுகிற தாழ்வில். பல்லவியில் எல்லாம் ஒன்றாகத் திறந்துகொள்ளும், குரலும் ஒரு படி மேலே ஏறும். மனப்பாடம் செய்ய இரண்டு தடவை கேட்டால் போதும். 1991இல் ஹெல்சிங்கியில் தொடங்கிய ஹிம் இதற்கு 'லவ் மெட்டல்' என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். 2000இல் வந்த 'ரேசர்பிளேட் ரொமான்ஸ்' ஃபின்லாந்திலும் ஜெர்மனியிலும் முதலிடத்துக்குப் போனது. 2005இன் 'டார்க் லைட்' அமெரிக்காவில் விற்பனைக்கான கோல்டு சான்று பெற்றது. ஃபின்லாந்துக் குழு ஒன்றுக்கு அங்கே அது கிடைத்தது அதுதான் முதல் தடவை. நடுவில் 2001இல் ஓர் ஆல்பம் வந்ததே, அதில் சர்க்கரை தூக்கல் என்பது என் எண்ணம். அதைச் சொன்னதற்காக அறைத் தோழன் ஒரு வாரம் பேசவில்லை.

வலோவின் குடும்பம் முதலில் இருந்த வல்லிலா பகுதியைப் பார்க்க ஒரு மதியம் போனேன். மர வீடுகள், மஞ்சளும் செங்காவியும் பூசிய சுவர்கள், வாசலில் சாய்த்து வைத்த பனி வாரும் மண்வெட்டி. இருட்டுக்கு அங்கே ஒரு அடையாளமும் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொண்டு திரும்பினால் மூன்றே காலுக்கு நிஜமாகவே இருட்டிவிட்டது. மதியச் சாப்பாடு இன்னும் வயிற்றில் இறங்கவில்லை, தெருவிளக்கு எரிகிறது. முதல் நாள் அழகாக இருக்கும். நாலாவது நாள் யார் மேலாவது கோபப்படத் தோன்றும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஊரே கடையடைப்பு. விடுதி வரவேற்பறைப் பெண்ணிடம் எங்கே போகலாம் என்று கேட்டேன். "ஹியெதானியெமி" என்றார். கடலோரத்துப் பெரிய கல்லறைத் தோட்டம். கல்லறைக்கா என்று கேட்டதற்கு, "எல்லாரும் அங்கேதான் இருப்பாங்க" என்றார். போனேன். இருந்தார்கள். குழந்தையைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு அப்பாக்கள், பையில் மெழுகுவர்த்தி கொண்டுவந்த பாட்டிகள். ஒவ்வொரு கல்லறைக்கு முன்னாலும் பனியைக் கையால் குடைந்து, குழிக்குள் மெழுகுவர்த்தியை வைத்து ஏற்றுகிறார்கள். பனி உள்ளேயிருந்து ஆரஞ்சு நிறமாக ஒளிர்கிறது. ஒரு சின்னப் பெண் தாத்தாவின் கல்லுக்கு ஏற்றி முடித்து, மிச்சமிருந்த ஒன்றை யாரும் வராத பக்கத்துக் கல்லுக்கும் வைத்தாள். அழுகைச் சத்தம் எங்கும் இல்லை, குசுகுசுவென்று பேச்சு, பனி நொறுங்கும் சத்தம் அவ்வளவுதான். கிட்டத்தட்ட இருபத்தாறு ஆண்டுகள் நாட்டின் அதிபராக இருந்த உர்ஹோ கெக்கோனெனும் அங்கேதான் படுத்திருக்கிறார். தவஸ்தியா கிளப் இருக்கிற தெருவுக்கும் அவர் பெயர்தான்.

கல்லறை, ரோஜா, மெழுகுவர்த்தி என்று அந்தப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருவதெல்லாம் சினிமா ஜோடனை என்றுதான் நினைத்திருந்தேன். இவர்களுக்கு அது வீட்டுச் சாமான்.

அதற்காக எல்லாவற்றையும் சரி என்று சொல்லிவிட முடியாது. 'நீ இல்லாவிட்டால் சாவேன், வா சேர்ந்து சாவோம்' என்கிற ரகப் பாட்டை இருபது வயதில் கேட்டபோது புல்லரித்தது. இப்போது என் அண்ணன் மகள் அதே பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு அறைக் கதவைச் சாத்தினால் நான் வெளியே கொஞ்ச நேரம் நிற்பேன்.

இந்த விஷயத்தில் ஹிம்மைவிட எனக்கு நெருக்கமானவர்கள் சென்டென்ஸ்டு. வடக்கே ஔலு நகரத்துக்குப் பக்கத்தில் முஹோஸ் என்ற சிற்றூரில் 1989இல் தொடங்கிய குழு. முதலில் உறுமலான டெத் மெட்டல் வாசித்தார்கள். 1996இல் வில்லே லைஹியாலா பாட வந்த பிறகு பாட்டு மனிதக் குரலுக்கு வந்தது. வலோவின் குரல் வெல்வெட் என்றால் இவருடையது பழைய கம்பளி, உடம்பில் பட்டால் குத்தும், ஆனால் குளிருக்கு அதுதான் தாங்கும். குடி, தோல்வி, தன் மேலேயே வெறுப்பு, நடுவே ஒரு கறுப்புச் சிரிப்பு. 2005இல் 'தி ஃப்யூனரல் ஆல்பம்' என்று பெயர் வைத்து, இதோடு முடிந்தது என்று அறிவித்து, அக்டோபர் 1 அன்று ஔலுவில் கடைசிக் கச்சேரி நடத்தித் தங்களைத் தாங்களே அடக்கம் செய்துகொண்டார்கள். அந்த மெட்டுகளில் பலவற்றைக் கட்டிய கிதார்க்காரர் மீக்கா டென்குலா 2009இல் 34 வயதில் இறந்துபோனார். அந்த ஆல்பத்தை அதன்பிறகு என்னால் பழைய மாதிரி கேட்க முடிந்ததில்லை.

ஆகவே ஔலுவுக்கு ரயில் ஏறினேன். ஆறு மணி நேரம். ஜன்னலில் முதலில் வயல், பிறகு ஊசியிலை மரம், பிறகு மரமும் பனியும், அப்புறம் என் முகம். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்த வெளிச்சமும் தலைக்கு மேல் வராது, சூரியன் அடிவானத்தில் உருண்டுவிட்டுப் போய்விடும். தொல்காப்பியர் பின்பனிக் காலத்தையும் பாலைக்கு, அதாவது பிரிவுக்கு எழுதி வைத்தது நினைவுக்கு வந்தது. அவருக்குத் தெரிந்த பனி நம்ம ஊர் மார்கழி, மாசிப் பனி. இதைக் காட்டியிருந்தால் ஐந்திணையோடு ஆறாவதாக ஒரு திணை வகுத்திருப்பாரோ என்னவோ.

மறுநாள் முஹோஸுக்கு பஸ், 35 கிலோமீட்டர். 1634இல் கட்டிய மரத் தேவாலயம் அங்கே இருக்கிறது, நாட்டிலேயே மிகப் பழைய மரத் தேவாலயங்களில் ஒன்று. பூட்டியிருந்தது. சுற்றி வந்தேன், படம் எடுக்கக் கைபேசியை வெளியே எடுத்தேன், 40 சதவீதம் சார்ஜ் இருந்த கருவி குளிரில் அப்படியே உயிரை விட்டது. திரும்பும் பஸ்ஸின் நேரம் அதற்குள்தான் இருந்தது. ஒரு மளிகைக் கடைக்குள் ஒன்றரை மணி நேரம் நின்றேன். கல்லாவில் இருந்தவர் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சென்டென்ஸ்டு பற்றி அவரிடம் கேட்க வேண்டும் என்று ஊரிலிருந்து தயார் செய்து வந்திருந்த கேள்விகள் எல்லாம் வாயிலேயே நின்றுவிட்டன.

அன்றிரவு ஔலுவில் சூடு தேடி, பின்னணி இசைக்கு வந்தவர்களே மைக் பிடித்துப் பாடுகிற ஒரு கரோக்கி பாருக்குள் நுழைந்தேன். (ஆகஸ்டில் வந்தால் இந்த ஊரில் இல்லாத கிதாரை வாசிக்கும் உலகப் போட்டி நடக்கும், 1996இலிருந்து நடத்துகிறார்கள். நான் தவறான மாதத்தில் வருவதில் கைதேர்ந்தவன்.) லோங்கேரோ ஒன்று வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். ஜின்னும் கிரேப்ஃப்ரூட்டும் கலந்த பானம், 1952 ஒலிம்பிக்ஸ் கூட்டத்துக்கு வேகமாக ஊற்றிக்கொடுக்க வந்தது.

அறுபதைத் தாண்டிய ஒருவர் மைக்கைப் பிடித்தார். ஆரம்பித்தது டாங்கோ. உன்டோ மோனோனென் எழுதிய 'சாத்துமா'. 1962இல் ரெய்யோ தைப்பாலே பாடி நாட்டையே பிடித்த பாட்டு. கடலுக்கு அப்பால் ஒரு கனவு தேசம், அங்கே காதலி காத்திருக்கிறாள், இவனுக்கோ சிறகில்லை, மண்ணில் சிறைப்பட்டவன். ஃபின்லாந்து டாங்கோவில் அர்ஜென்டினாவின் வீம்பு எதுவும் கிடையாது. மைனர் சுரத்தில், கனத்த காலோடு, நேராக நடக்கும். ஒரு வயதான ஜோடி எழுந்து ஆடியது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, கன்னம் மட்டும் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

அடுத்து இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். மூக்குத் துளையில் வளையம், மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவள் எடுத்தது ஹிம். கிதார் வந்து விழுந்தது, இனி அந்த ஜோடி உட்கார்ந்துவிடும் என்று பார்த்தேன். உட்காரவில்லை. அதே பிடி, அதே அடி, அதே கனத்த கால். பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் ஓரிடத்தில்கூட இடறவில்லை. சரணத்தில் மெல்ல நகர்ந்தார்கள், பல்லவியில் தாத்தா பாட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

கரோக்கி நடத்திய அம்மாளிடம் போய், மெட்டலுக்கு டாங்கோ ஆடுகிறார்களே என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது மெதுவான பாட்டு. மெதுவான பாட்டுக்கு வேற என்ன ஆடுவாங்க?" பிறகு கொஞ்சம் யோசித்து, "கைஹோ" என்றார். கிடைக்காது என்று தெரிந்த ஒன்றுக்காக ஏங்குகிற ஏக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற சொல். அதை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல அங்கே யாருக்கும் வராது. மைக்கில் பாட எல்லாருக்கும் வருகிறது. தவஸ்தியாவின் ஸ்வெட்டர்க்காரரை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நம்ம ஊர் ஒப்பாரிக்காரக் கிழவி பாட்டு முடிந்ததும் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வெற்றிலைப் பையை எடுப்பாளே, அந்த மாதிரி.

அம்மாள் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். பெயரும் பாட்டும் எழுத வேண்டும். இருபது வருடமாகக் குளியலறையில் மட்டும் பாடிவந்த பாட்டை எழுதிக் கொடுத்தேன். பெயரைக் கூப்பிட்டபோது அது என் பெயர்தான் என்று தெரியவே பாதி நிமிடம் ஆனது. பாடினேன். பல்லவி சமாளித்தேன், சரணத்தில் குரல் அடிமட்டத்துக்குப் போகாமல் நடுவிலேயே தொங்கியது. முடித்ததும் ஐந்தாறு பேர் கை தட்டினார்கள், ஆளுக்கு மூன்று தட்டு.

கோட்டை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது டாங்கோ பாடிய பெரியவர் வாசலில் சிகரெட்டோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தரையை நோக்கித் தாழ்த்திக் காட்டி, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், "இன்னும் கீழே இறங்கணும்" என்றார். சொல்லிவிட்டுப் புகையை விட்டார். மைனஸ் பதினெட்டில் எது புகை, எது மூச்சு என்று தெரியவில்லை.