மடிப்பிலை அத்தி: விதையிலிருந்து பதியன் வரை செய்து பார்த்தது

ஃபைகஸ் டம்மரோப்சிஸ் நியூ கினித் தீவின் மலைக்காட்டு அத்தி. ஏறக்குறைய 850 மீட்டரிலிருந்து 2,750 மீட்டர் உயரம் வரை அங்கே வளர்கிறது. இலை விசிறியைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். நன்றாக வளர்ந்த மரத்தில் 60 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம் வரை போகும். தன் சொந்த மலைகளில் இது அபூர்வ மரம் அல்ல. அங்குள்ள மக்கள் இளம் இலையைப் பன்றிக்கறியோடு சமைத்துச் சாப்பிடுகிறார்கள். தீவுக்கு வெளியே, தோட்டங்களில்தான் அபூர்வம்.

அதற்குக் காரணம் விதை. பெரும்பாலும் ஒவ்வொரு அத்தி இனத்துக்கும் அதற்கென்றே அமைந்த, மகரந்தம் சேர்க்கும் குளவி உண்டு. இதற்கு உள்ளது செராட்டோசோலன் அப்னார்மிஸ் என்ற மிகச் சிறிய குளவி. அந்தக் குளவி இல்லாத ஊரில் மரம் காய்க்கும், ஆனால் காய்க்குள் முளைக்கும் விதை இருக்காது. ஆகவே விதை எங்கே எடுத்தது என்று கேட்காமல் வாங்க வேண்டாம். கன்றாக வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஃபைகஸ் ஆரிகுலேட்டா என்ற பேரிலை அத்தியை இந்தப் பெயரில் கொடுத்துவிடுகிறார்கள். சின்னக் கன்றில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். டம்மரோப்சிஸின் முதல் இலைகளிலும் மடிப்பு இருக்காது. இலை பெரிதாகப் பெரிதாகத்தான் பக்க நரம்புகளுக்கு நடுவே பள்ளம் விழத் தொடங்கும்.

விதை கடுகைவிடச் சிறியது. தண்ணீரில் போட்டு, மிதப்பதை எடுத்துவிட்டு, மூழ்கியதை மட்டும் விதைக்கலாம். சலித்த தேங்காய்நார்த் தூள் 2 பங்கு, சன்னமான பெர்லைட் (சூட்டில் பொரித்த எரிமலைக்கல் துகள்) 1 பங்கு. கலவையின் மேல் கொதிநீரை ஊற்றி, ஆறவிட்டு, விதையை மேலாகத் தூவ வேண்டும். மண் போட்டு மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். மூடியுள்ள டப்பாவில், 24 முதல் 26 டிகிரி வெப்பத்தில், நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் விளக்கொளியில் வைத்தால் இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் முளைக்கிறது. பழைய விதை இன்னும் தாமதமாகும், சீராகவும் முளைக்காது.

இந்தக் கட்டத்தில் கன்றுகளைக் கொல்வது நாற்றழுகல். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல் இளைத்துச் சாய்ந்துவிடும். மூடிய டப்பாவில் காற்றோட்டம் இல்லாததும், மேலிருந்து தண்ணீர் தெளிப்பதும்தான் காரணம். முளைத்த உடனே மூடியைத் தினமும் சிறிது நேரம் திறந்து வையுங்கள். தண்ணீரை அடித்தட்டில் ஊற்றி உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். நான்கு இலை வந்ததும் 5 செ.மீ. கோப்பைக்கு மாற்றலாம். உரம் 20-20-20 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது), லிட்டருக்கு அரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

தொட்டிக் கலவைதான் முக்கியமான இடம். நாங்கள் நிலையாக வைத்துக்கொண்டது: தேங்காய்நார்த் துண்டு 3 பங்கு, பியூமிஸ் (நுரைக்கல்) அல்லது கெட்டிப் பெர்லைட் 3 பங்கு, நன்றாக மக்கிய உரம் 2 பங்கு, உடைத்த கரி 1 பங்கு. தேங்காய்நாரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, உப்பைப் போக்கிய பிறகே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை தொட்டி மாற்றும்போதும் விட்டம் 4, 5 செ.மீ. மட்டுமே கூட வேண்டும். இது வேகமாக வளரும் மரம்தானே என்று சின்னக் கன்றைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண் காயாமல் ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும். அந்த அழுகல் பிறகு வேருக்கு வரும்.

வளர்ப்பவர்கள் அதிகம் தவறுவது வாடலைப் படிப்பதில். பெரிய இலை மதிய வெயிலில் துவண்டு தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று ஊற்றுவார்கள். மறுநாளும் தொங்கும், மறுபடி ஊற்றுவார்கள். இவ்வளவு அகலமான இலை மதியத்தில் இழக்கும் நீரை வேர் அந்த நேரத்துக்கு ஈடுகட்ட முடியாது, அவ்வளவுதான். தீர்ப்பை விடியற்காலையில் சொல்லுங்கள். இலை நிமிர்ந்திருந்தால் செடிக்கு ஒன்றுமில்லை, நிழலைக் கொஞ்சம் கூட்டினால் போதும். மண் ஈரமாக இருந்தும் விடியலில் இலை தொங்கினால் வேர் அழுகிக்கொண்டிருக்கிறது. உடனே தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில், கெட்டியாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நரம்பு மட்டும் மிஞ்சும். அழுகியதை வெட்டி, முன்பைவிடச் சின்னத் தொட்டியில் புதுக் கலவையில் வைத்து, இலை இரண்டை மட்டும் விட்டு, நிழலில் வையுங்கள். புதுத் தளிர் வரும்வரை உரம் கூடாது.

வேரழுகலுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது தொட்டியின் சூடு. நியூ கினித் தீவின் கோரோக்கா போல 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள மலையூரில் பகல் வெப்பம் 25 டிகிரியை ஒட்டியும் இரவு 15 டிகிரியை ஒட்டியும் இருக்கும். மண் சூடேறுவதே இல்லை. வெயிலில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியிலோ மண் காற்றைவிடச் சூடாகிவிடும். சூடான வேர் அதிகம் சுவாசிக்கும். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. 20 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 35 டிகிரியில் அது 7-ஆகக் குறைகிறது. தேவை ஏறும்போது வரவு இறங்குகிறது. எனவே வெளிர் நிறத் தொட்டி, அதை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி இடையில் காற்று இடைவெளி, மேலே 50 சதவீத நிழல்வலை. மண்ணில் 5 செ.மீ. ஆழத்தில் வெப்பமானியைச் செருகிப் பார்த்து 28 டிகிரிக்குக் கீழே வைத்துக்கொண்டால், காற்று இன்னும் சூடாக இருந்தாலும் செடி தாக்குப்பிடிக்கிறது. இதற்குச் செலவிடும் அக்கறையில் பாதிகூட உரத்துக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது இலை விரிவது. நுனி மொட்டை ஒரு நீண்ட உறை மூடியிருக்கும். வளர்ந்த மரத்தில் அந்த உறை 35 செ.மீ. வரை நீளும். அது ஒரு பக்கம் பிளந்து விழுந்ததும் தண்டைச் சுற்றி வளையத் தழும்பு நிற்கும். உள்ளிருந்து வரும் இலை ஈரத்துணிபோலத் தொய்ந்திருக்கும், மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கிடக்கும். காற்று வறண்டிருந்தால் உறை காய்ந்து இலைநுனியைப் பிடித்துக்கொள்ளும், இலை அந்த இடத்தில் கிழிந்தே விரியும். உறை பிளக்கத் தொடங்கும் நாளில் காலையும் மாலையும் உறையின் மேல் மட்டும் பனித்துளியாகத் தெளியுங்கள். கையால் உரிக்க வேண்டாம். அந்த நேரத்தில் விரல் பட்ட இடம் இலை பெரிதானதும் பழுப்புத் தழும்பாகத் தெரியும்.

ஓரம் கருகினால் எந்த இலை என்று முதலில் பாருங்கள். பழைய இலையிலிருந்து தொடங்கினால் உப்பு தேங்கியிருக்கிறது; தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை ஊற்றி அலசிவிட வேண்டும். புது இலை விரியும்போதே கருகியிருந்தால் காற்று மிக வறண்டிருக்க வேண்டும், அல்லது அதற்கு நேரெதிராக, அடைத்த கூடாரத்தில் காற்று அசையாமல் நின்றிருக்க வேண்டும். கால்சியம் நீரோட்டத்தோடுதான் தளிருக்குப் போகும். காற்று அசையாமல் ஈரம் நூறை எட்டினால் இலை நீரை வெளியேற்றாது, கால்சியமும் ஏறாது. ஈரப்பதம் 65 முதல் 80 சதவீதம், கூடவே மெல்ல ஓடும் சின்ன மின்விசிறி. பலமான காற்று வேண்டாம், இலை மடிப்போடு மடிப்பாகக் கிழிந்துவிடும்.

பூச்சி: மாவுப்பூச்சி, செஞ்சிலந்தி. இரண்டுமே அடிப்புற மடிப்புப் பள்ளத்தில் ஒளியும். மேலாகத் தெளித்த மருந்து அங்கே எட்டாது. ஈரத்துணியால் பள்ளம் பள்ளமாகத் துடைத்த பிறகே வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளியுங்கள்.

பெருக்குவதற்குத் தண்டுத்துண்டு நடுவதைவிட விண்பதியன், அதாவது தண்டு மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் விடவைத்துப் பிறகு வெட்டி எடுப்பது, நல்லது. துண்டில் இலை விட்டால் நீர் இழந்து வாடுகிறது, எல்லா இலையையும் எடுத்தால் வேர் விடும் முன்பே அடி அழுகுகிறது. பதியனுக்குப் பெருவிரல் தடிமன் உள்ள, பழுப்பாக முற்றத் தொடங்கிய தண்டு வேண்டும். 3 செ.மீ. அகலத்துக்கு வளையமாகப் பட்டையை எடுத்து, பால் வடிவது நிற்கும்வரை ஈரத்துணியால் ஒற்றுங்கள். கையுறை கட்டாயம், பால் தோலை எரிக்கும். கட்டையின் மேலுள்ள வழவழப்பைக் கத்தியின் பின்புறத்தால் சுரண்டாவிட்டால் பட்டை மீண்டும் சேர்ந்துவிடும், வேர் வராது. மேல் விளிம்பில் வேர் ஊக்கித் தூள் தடவி, பிழிந்த ஸ்பேக்னம் பாசியை ஒரு கைப்பிடி சுற்றி, பிளாஸ்டிக் தாளால் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டி, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளால் மூடுங்கள்.

எட்டு வாரத்தை ஒட்டி வெள்ளை வேர் தெரியும். அப்போதே வெட்டுவது அவசரம். வேர் சற்றுப் பழுப்பாகி, கிளைவேர் விட்ட பிறகு கட்டுக்குக் கீழே வெட்டி, பாசியைப் பிரிக்காமல் அப்படியே 15 செ.மீ. தொட்டியில் வையுங்கள். மேலே இரண்டு இலை, ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு போதும். மூடிய ஈரப் பெட்டியில் வைத்து, புதிய உறை நீளத் தொடங்கியதும் மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து, இரண்டு மூன்று வாரத்தில் முழுக்க வெளிக்காற்றுக்குப் பழக்கலாம். முதல் இரண்டு இலைகள் தாய்மர இலையைவிடச் சின்னதாகத்தான் வரும். அதைப் பார்த்து உரத்தைக் கூட்டவேண்டாம், வேர் தொட்டியை நிறைத்ததும் இலை தானாகவே அகலமாகும்.