எடை எந்திரத்துக்கு முதுகு காட்டி

கல்லூரி அணியில் 1500 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டில் கீழ்க்கால் எலும்பில் விரிசல் விட்டது. விழவில்லை, எதிலும் மோதவில்லை; ஒரே இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் உயிர் போகிற வலி. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த மருத்துவர் காலை விட்டுவிட்டு, "கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது?" என்று கேட்டார். எட்டு மாதம் ஆகியிருந்தது. கடுமையாகப் பயிற்சி செய்தால் நின்றுபோகும் என்று அணியில் எல்லோருமே சொல்வோம். தொல்லை விட்டது என்றுகூட நினைத்திருக்கிறேன். மூன்று மாதம் வராவிட்டாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை அந்த அறையில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

நான் பட்டினி கிடக்கவில்லை என்று வாதாடினேன். மூன்று வேளையும் சாப்பிட்டது உண்மைதான். எதை எவ்வளவு குறைத்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. அன்றைய என்னைப் போன்ற ஒருத்தி அதைப் பாடமாக எடுத்துக்கொள்வாள்.

சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் ஓட்டத்துக்குச் செலவானது போக உடம்பை நடத்த என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கணக்காம். மிச்சம் போதாவிட்டால், அவசரமில்லாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்திவிடும். மாதவிடாய் நிற்கும், ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு தேயும், நாடித்துடிப்பும் மெதுவாகும். என் துடிப்பு குறைந்தபோது, "நல்ல ஓட்டக்காரியின் இதயம்" என்று பயிற்சியாளர் பாராட்டியிருந்தார்! முன்பு இதைப் பெண்களின் பிரச்சினையாக மட்டுமே பார்த்தார்கள். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஆண்களையும் சேர்த்துப் புதுப் பெயர் வைத்தது. எங்கள் அணியிலும் இப்படி ஒரு பையன் இருக்கிறான். அவன் இன்னும் யாரிடமும் போகவில்லை.

எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் முதுகெலும்பு என் வயதுக்குக் குறைவாக இருந்தது. அதன்பின் மருத்துவர், உணவியல் நிபுணர், மனநல ஆலோசகர் என்று மூன்று பேரிடம் மாறி மாறிப் போனேன். வாரம் ஒருமுறை எடை பார்ப்பார்கள். எண் தெரியாதபடி நான் முதுகைக் காட்டி ஏற வேண்டும். முதல் சில வாரம், எழுதும் பேனாவின் சத்தத்தை வைத்து எண்ணைக் கண்டுபிடிக்க முயன்றேன். வெட்கம்தான், ஆனால் நடந்தது.

சாப்பாடு கடிகாரப்படி. "பசித்தால் சாப்பிடுகிறேனே" என்றேன். "உங்கள் பசி இப்போது நம்பத்தகுந்த சாட்சி இல்லை" என்றார் உணவியல் நிபுணர். வயிறு உப்பும், கோபம் கோபமாக வரும், அறைத்தோழி எதிரே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கணக்குப் போடாதே, உன் உதடு அசைகிறது" என்றாள். தலைக்குள் ஓடிய கலோரிக் கூட்டல் வெளியே தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

விரிசல் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது. ஆனாலும் ஓட அனுமதி இல்லை. காலுக்கு மட்டுமல்ல வைத்தியம் என்றார்கள். எல்லாவற்றிலும் என்னை அதிகம் அழவைத்தது அதுதான். ஏழாம் மாதத்தில் மாதவிடாய் திரும்பியது. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கினேன்.

மைதானத்துக்குப் போன முதல் நாள் பயிற்சியாளர், "இப்போது எடை எவ்வளவு?" என்றார்.

"தெரியாது" என்றேன். உண்மையிலேயே தெரியாது.