எருக்கஞ்செடியும் அதைத் தின்னும் வெட்டுக்கிளியும்

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களில் ஆடு மாடு எல்லாம் மேய்ந்த பிறகும் எருக்கு அப்படியே நிற்கும். அதன் இலையை ஓட்டை ஓட்டையாக ஆக்குவது மஞ்சளும் நீலப்பச்சையுமாகப் பட்டை போட்ட ஒரு வெட்டுக்கிளி. இரண்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வரைந்து ஒப்பிட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. இந்த மழைக்குப் பிறகு ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் இலை. காம்பைக் கிள்ளியதும் பால் முத்து முத்தாகத் திரண்டு சொட்டியது. சற்று நேரத்தில் கையுறையில் பிசினாக இறுகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்து அப்பத்தா பார்த்துவிட்டு, "கண்ணு, எருக்கம்பாலு கண்ணுல பட்டுறப் போவுது, பதனமாப் பண்ணு" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தப் பால் கருவிழியைக் கெடுத்து, பெரிதாக வலிக்காமலேயே பார்வையை மங்கவைக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் தொடாதீர்கள்.

அப்புறம் இறக்கை முளைக்காத இளம்பூச்சி. மஞ்சள் கலந்த பச்சை உடம்பில் கறுப்புக் கோடு, சிவப்புப் புள்ளி. சாமணத்தால் மெல்லப் பிடித்ததும் முதுகிலிருந்து சர்ரென்று ஒரு பீய்ச்சல்! கீழே விரித்திருந்த வெள்ளைத் தாளெல்லாம் துளிகள். செடியின் பால் உடைந்த இடத்தில்தான் வழியும். இது தள்ளி நிற்பவர் மேலும் தெறிக்கும்.

எருக்கம்பாலில் உள்ள கலோட்ரோபின், கலாக்டின் போன்ற கார்டினோலைடுகள் என்ற நஞ்சுகள், செல்களுக்குள்ளும் வெளியிலும் உப்புகளைக் கடத்தும் சோடியம்-பொட்டாசியம் பம்பை முடக்கி இதயத்தைப் பாதிப்பவை. நம்மூர் வெட்டுக்கிளியின் அறிவியல் பெயர் போகிலோசெரஸ் பிக்டஸ். இதன் பங்காளியான போகிலோசெரஸ் புஃபோனியஸின் சுரப்பில் அதே இரண்டு நஞ்சும் இருப்பதை நோபல் பரிசு பெற்ற ரைக்ஸ்டைனும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1967-ல் காட்டினார்கள். செடி தன்னைக் காக்க வைத்திருப்பதைத் தின்று, அதையே தன் காவலுக்கு வைத்துக்கொள்கிறது பூச்சி! எனக்கு இதைவிட வியப்பானது இந்தக் காட்டில் வேறில்லை.

வண்ணம் தீட்டும்போது வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. இலைக்குச் சாம்பல் பூத்த பச்சை, பூவுக்கு வெளிர் ஊதா. இரண்டும் லேசாக நீர் கூட்டினாலே வந்துவிடும். பூச்சிக்கு அப்படி முடியாது. மஞ்சள் நன்றாகக் காய்ந்த பிறகே நீலப்பச்சைப் பட்டை. இல்லாவிட்டால் இரண்டும் கலந்து, 'என்னிடம் நஞ்சு இருக்கிறது' என்று அந்த நிறம் காட்டும் எச்சரிக்கையே மறைந்துவிடும். பறக்கும்போது தெரியும் பின்னிறக்கைச் சிவப்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

அடுத்து, அதே செடியை நம்பி வாழும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. அது முதலில் இலை நரம்பைக் கடித்துப் பால் வரத்தைக் குறைத்துவிட்டுத்தான் தின்னத் தொடங்கும். வெட்டுக்கிளி எப்படித் தின்கிறது என்று பக்கத்திலேயே குறித்துவைக்க அரைத் தாளைக் காலியாக விட்டிருக்கிறேன்.