மைசூர் ஏரிகளில் கூடு கட்டும் காலம்

மைசூர் போகிறேன் என்றால் அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள். பறவை பார்க்கும் ஆசாமி என்று தெரிந்தால் ரங்கனதிட்டும் அதில் சேர்ந்துகொள்ளும். பிப்ரவரி, மார்ச்சில் போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு: முதலில் ஊருக்குள்ளேயே இருங்கள். குக்கரஹள்ளி ஏரி, காரஞ்சி ஏரி இரண்டுக்கும் ஆட்டோவிலேயே போய்விடலாம். இரண்டிலும் அப்போது கூடு கட்டும் காலம் சூடு பிடித்திருக்கும்.

குக்கரஹள்ளி ஏரி பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி இருக்கிறது. பாசனத்துக்காக 1864-ல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் அமைத்தது. இன்று கரை முழுக்க நடைப்பயிற்சிக்காரர்கள்தான். விடிந்தும் விடியாமலும் கைகளை வீசிக்கொண்டு, அரசியல் பேசிக்கொண்டு, செல்போனில் பக்திப் பாட்டை ஊருக்கே கேட்க வைத்துக்கொண்டு போகிறார்கள். "இந்தச் சத்தத்தில் என்ன பறவை பார்ப்பது?" என்று முதலில் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் இந்தக் கூட்டத்தால்தான் நமக்கு லாபம். தினமும் ஆள் நடமாட்டம் பார்த்துப் பழகிய பறவைகள் கரையில் போகிறவர்களைச் சட்டை செய்வதே இல்லை. பைனாகுலரை இறக்கிவிட்டு வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

தண்ணீருக்கு நடுவே உள்ள மரங்களில் கூழைக்கடாக்கள் (பெலிகன்) கூடு வைத்திருந்தன. கிளைகளில் பச்சை குறைவு, எச்சத்தின் வெள்ளைதான் அதிகம். வருடக்கணக்கில் எச்சம் விழுந்தால் மரம் பட்டுப்போவதும் உண்டு. வளர்ந்த பறவைகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. கூச்சல் எல்லாம் குஞ்சுகளுடையது. வெள்ளைத் தூவி போர்த்திய ஒரு குஞ்சு, அம்மாவோ அப்பாவோ வந்து இறங்கியதும் சிறகை அடித்துக்கொண்டு முட்டி மோதியது. பெரியது அலகைத் திறந்ததும் குஞ்சின் தலை உள்ளே போனது, பிறகு கழுத்தும் போனது. கடைசியில் வெளியே தெரிந்தது பின்பாதி மட்டும்தான். அப்படியே குலுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கன்னட வாடைத் தமிழில், "பயப்படாதீங்கம்மா, முழுங்கலை, ஊட்டுது" என்றார். தினமும் வருகிறாராம். எந்தக் கூட்டில் எத்தனை குஞ்சு என்று விரல் விட்டுச் சொன்னார்.

காரஞ்சி வேறு மாதிரி. சாமுண்டி மலை அடிவாரத்தில், மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்தில், டிக்கெட் எடுத்துப் போகும் இடம். உள்ளே போனதும் மக்கள் பெரிய பறவைக் கூண்டைப் பார்க்க ஓடுகிறார்கள். வலைக்குள் இருக்கும் மயிலை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமே! ஏரிப் பக்கம் போங்கள். அங்கே தீவு மரங்களில் சங்குவளை நாரைகள். மஞ்சள் மூக்கு நாரை என்றும் சொல்வார்கள். ஆரஞ்சு நிற மொட்டை முகம், நீண்ட மஞ்சள் அலகு, வாலுக்கு மேல் ரோஜா வண்ணச் சாயம் தோய்ந்த இறகுகள். இவற்றுக்குக் குரல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஜோடி சேரும்போது அலகைத் தட்டித் தட்டி ஓசை எழுப்பும்.

வெயில் ஏறிய பிறகுதான் இவற்றைக் கவனிக்க வேண்டும். மற்ற பறவைக்காரர்கள் டிபன் சாப்பிடக் கிளம்பும் நேரம் அது. கூட்டில் நிற்கும் நாரை சிறகை விரித்து அசையாமல் நிற்கும். வெயில் காய்கிறது என்று நினைக்கத் தோன்றும். சிறகுக்கு அடியில் பாருங்கள், நிழலில் குஞ்சுகள் படுத்திருக்கும். சூரியன் நகர நகர நாரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொள்கிறது. அதன் கால்களில் வெள்ளையாக வழிந்திருப்பது எச்சம். தன் காலிலேயே கழித்து, ஈரம் உலரும்போது உடம்பைக் குளிர்வித்துக்கொள்கிறது. அருவருப்பாக இருந்தாலும் நல்ல உத்தி! துணை திரும்பி வந்து மீனைக் கூட்டில் கக்கியதும் நிழல் வேலை கைமாறியது. அந்த இடைவெளியில் அடுத்த கூட்டுக்காரன் சாவகாசமாக எட்டி ஒரு குச்சியை உருவிக்கொண்டு போனான். கேட்பாரில்லை.

அங்கேயே ஒரு கேமராக்காரர், பறக்கும் படம் வேண்டும் என்று கையைத் தட்டி நாரைகளைக் கிளப்பப் பார்த்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது. பெற்றோர் எழுந்து போன நிமிடம் காகமும் பருந்தும் வந்துவிடும். அவை வராவிட்டாலும் அந்த வெயிலில் மொட்டைக் கூட்டில் கிடக்கும் முட்டை என்ன ஆகும்? நான் வாய் திறப்பதற்குள் ஒரு பாட்டி கன்னடத்தில் பிடி பிடி என்று பிடித்துவிட்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. கேமராக்காரருக்கு முழுதும் புரிந்திருக்கும், கேமராவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஏரியை விட்டுப் பூங்கா மரங்களுக்கு வந்தால் இன்னொரு உலகம். 'டுக் டுக் டுக்' என்று நிற்காமல் சத்தம் வந்தது. செம்மார்புக் குக்குறுவான். பட்டுப்போன கிளையின் அடிப்பக்கமாகப் பார்த்துத் துளை போட்டிருந்தது. அப்படிப் போட்டால் மழைத்தண்ணீர் உள்ளே போகாது. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். உள்ளே போய், வாய் நிறைய மரத்தூளோடு தலையை நீட்டி, உதறிவிட்டு மறுபடி உள்ளே போனது. பூங்காக்களில் பட்ட கிளையைக் கண்டால் அழகு கெடுகிறது என்று வெட்டிவிடுகிறார்கள். இதற்கோ பட்ட கிளை இல்லாவிட்டால் வீடே இல்லை.

சரி, ரங்கனதிட்டுக்கும் போனேன். காவிரி நடுவில் உள்ள திட்டுகள். பறவையியலாளர் சாலிம் அலி எடுத்துச் சொன்னதன் பேரில் 1940-ல் சரணாலயம் ஆனது. 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பறவைகள் கொள்ளை கொள்ளையாக இருக்கின்றன, பாறை மேல் முதலையும் உண்டு. ஆனால் படகு ஒரு மரத்தடியில் நின்று, எல்லோரும் படம் எடுத்து முடித்ததும் நகர்ந்துவிடுகிறது. ஒரே கூட்டை மணிக்கணக்கில் பார்க்க வேண்டும் என்றால் ஏரிக்கரை சிமெண்ட் பெஞ்ச்தான் வசதி.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். காரஞ்சிக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்று போய் நிற்காதீர்கள். அப்புறம், நீளவால் இலைக்கோழி என்ற நீர்ப்பறவை, கூடு கட்டும் காலத்தில் மட்டும் வளரும் அந்த நீண்ட வாலோடு கூடு வைப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மழைக்காலத்தில் வர வேண்டும். அதில் ஆண்தான் அடைகாத்துக் குஞ்சுகளையும் வளர்க்கும். பெண் அடுத்த ஆணைத் தேடிக் கிளம்பிவிடும். குக்கரஹள்ளிப் பெரியவர் ஜூலையில் வரச் சொல்லியிருக்கிறார். லீவு கிடைக்க வேண்டும்.