தாயின் வாசலில் தொடங்கும் மலைப்பாதை

ஜப்பானின் புனித பௌத்த மலையான கோயாசானுக்கு இப்போது யாரும் நடந்து போக வேண்டியதில்லை. ஒசாகாவில் ரயில் ஏறி கோகுராகுபாஷியில் இறங்கினால் கேபிள் கார் ஐந்தே நிமிடத்தில் மேலே சேர்த்துவிடும். ஆனாலும் அடிவாரத்து ஜிசோன்-இன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நடந்தே ஏற விரும்பினேன். அந்தக் கோயில் ஒரு தாயின் இருப்பிடம்.

ஷிங்கோன் என்ற தாந்திரிக பௌத்தப் பிரிவை ஜப்பானில் நிலைநாட்டிய துறவி கூக்காய்க்கு 816இல் இந்த மலை கிடைத்தது. மலைமேல் பெண்கள் கால்வைக்கத் தடை. மகனைக் காண வந்த அன்னை அடிவாரத்திலேயே தங்கிவிட்டார். மாதம் ஒன்பது முறை கூக்காய் இறங்கி வந்து தாயைப் பார்த்தார் என்பது ஐதீகம். 1872 வரை சட்டப்படி நீடித்த அந்தத் தடையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. சுகப்பிரசவத்துக்கும் தாய்ப்பாலுக்கும் வேண்டிக்கொண்ட பெண்கள் துணியில் செய்து சாத்திய மார்பக வடிவங்கள் சன்னிதியில் தொங்குகின்றன. அவற்றின் முன் வெகுநேரம் நின்றேன்.

அங்கிருந்து மலைமேல் உள்ள கரான் என்ற கோயில் வளாகம் வரை 180 கல்தூண்கள், ஏறத்தாழ 109 மீட்டருக்கு ஒன்று. பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டில் நட்டவை. சதுரம், வட்டம், முக்கோணம், பிறை, ரத்தினம் என்று ஐந்து வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக: நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி. பஞ்சபூதங்களேதான்! அவற்றின்மேல் சித்தம் என்ற பழைய இந்திய லிபியில் பீஜாட்சரங்கள். ஒவ்வொரு தூணிலும் கைகூப்பியபடி ஏறினேன். சீமைப்பனிச்சை (பெர்சிமன்) பழத் தோப்புகளின் ஊடே செல்லும் முதல் ஏற்றம்தான் செங்குத்து. பிறகு தேவதாரு போன்ற நெடுமரங்களின் நிழல்.

இரவு தங்கியது கோயில் விடுதியில். வெங்காயம், பூண்டுகூட இல்லாத சைவ உணவு. எள்ளில் செய்த தோஃபு அமிர்தமாக இருந்தது. விடியற்காலையில் ஹோமம். தீ எழ, பிட்சுக்கள் மந்திரம் முழங்க, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஷிங்கோன் மரபின் எட்டு ஆசாரியர்களில் ஒருவரான வஜ்ரபோதி தென்னிந்தியர். காஞ்சியோடு தொடர்புடையவர் என்று அவருடைய வரலாறு சொல்கிறது.

மலைமேல் உள்ள ஒகுனோயின் என்ற தலத்தில் கூக்காய் 835 முதல் ஆழ்ந்த தியான சமாதியில் இருப்பதாக நம்பிக்கை. இன்றும் நாள்தோறும் இருவேளை அவருக்கு உணவு எடுத்துச் செல்கிறார்கள். அங்கே செல்லும் பாலத்தைக் கடந்தபின் படம் எடுக்கக் கூடாது, எடுக்கவும் தோன்றாது.

முழுப் பாதையும் இருபது கிலோமீட்டருக்கு மேல், ஒரு பகல் முழுவதும் ஆகும். முழங்கால் வலி உள்ளவர்கள் கேபிள் காரிலேயே செல்லலாம். ஆனால் ரயில் வழியில் குதோயாமா நிலையத்தில் இறங்கி, அரை மணி நடந்து, அந்த அன்னையைக் கும்பிட்டுவிட்டுப் போங்கள்.